தூரத்திலிருந்தே தெரியும் மஞ்சள்

ஜூன் 5, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஒன்பது மணிக்கே கடையில் கூட்டம். சைக்கிள் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வந்திருந்தார். இந்த டைரி அவர் கொடுத்ததுதான், போன வருஷத்தது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

லேடீஸ் வண்டியில் பிங்க் மட்டும் ஏன் தேங்கி நிற்கிறது என்று அவர் எங்கள் முதலாளி பஷீர் பாயிடம் கேட்டார். பாய் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். "பொம்பளைங்ககிட்ட பேசி விக்கிறது கோகிலம்தான். அதையே கேளுங்க." வருகிற பெண்கள் எந்தக் கலர் எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள் என்று இந்த மாதம் முழுக்கக் குறித்துத் தரவேண்டும். நாலு வருஷமாக இந்தக் கடையில் நிற்கிறேன். இதுவரை யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

இன்று விற்றது: ஊதா இரண்டு, சிவப்பு மூன்று, கறுப்பு ஒன்று. பிளஸ் ஒன் சேரப்போகிற ஒரு பெண் கறுப்புதான் வேண்டும் என்று நின்றது. அம்மாவுக்கு பிங்க். "பிங்க்ல போறதுக்கு நான் என்ன பஞ்சுமிட்டாயா?" என்றது அந்தப் பெண். கடையே சிரித்தது. கறுப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார், சாப்பிட்டாயா என்று. "பதினோரு மணிக்கு யாரு சாப்பிடுவா தங்கச்சி?" என்று ஃபிட்டர் ரெத்தினம் அண்ணன் சிரித்தார். அவர் அப்படித்தான். ஒன்றரைக்கும் பேசினார், நாலரைக்கும் பேசினார். அக்கறை.

ஜூன் 7, புதன்

"எந்தக் கலரா இருந்தா என்னங்க, ஓடினாப் போதும்." முக்கால்வாசிப் பெண்கள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதை நம்பக் கூடாது. நான் கண்ணைப் பார்ப்பேன். கண் ஏதோ ஒரு வண்டியில் போய் நின்று, திரும்பி, மறுபடியும் அதற்கே போகும். அதன் பிறகு கூட வந்தவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கேதான் கலர் முடிவாகிறது.

ஒரு அம்மாள் சிவப்பும் கறுப்பும் கலந்ததைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இது கட்சிக் கலரு. எங்க வூட்டுக்காரரு வாசல்லயே வுட மாட்டாரு." ஒரு டீச்சர் மெரூன் எடுத்தார், சேறு தெரியாதாம். மீன் விற்கிற ஒரு அக்காவிடம் கலரைக் கேட்டேன். "கலரா? கேரியர் எத்தனை கிலோ தாங்கும், அதச் சொல்லு." கேரியரை ஆட்டிப் பார்த்து, ஸ்டாண்டை மிதித்துப் பார்த்து, எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "அந்தப் பச்சையவே குடுத்துடு" என்றார். யாரும் கேட்காமலே.

கணவர் இறந்து மூன்று மாதமான ஒருவர் மகனோடு வந்தார். மகன் வெள்ளையைக் காட்டினான். அவர் வயலெட் நிற வண்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். "அப்பாவுக்கு வயலெட்டே ஆவாதேம்மா" என்றான் மகன். "அதான்," என்றார் அந்த அம்மாள். வயலெட்தான் போயிற்று. இந்த "அதான்" என்பதைக் கம்பெனிக்கு எப்படி எழுதிக் கொடுப்பது?

ஜூன் 10, சனி

இன்றைக்கு ஒரு விற்பனையை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக.

மதியம் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் பெயர் பிரபாகர், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிமென்ட், கம்பிக் கடை. முப்பது இருக்கும். சலவைச் சட்டை, சிரித்த முகம், எல்லோரிடமும் மரியாதை. மனைவி தமயந்திக்கு இருபத்துநாலு. கல்யாணமாகி ஒன்பது மாதம். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளியிருக்கும் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. அதற்காக வண்டி.

அவள் கண் உள்ளே நுழைந்ததுமே மூலையில் இருந்த சாம்பல் நிற வண்டிக்குப் போய்விட்டது. "இது போதும்க்கா."

"சாம்பலா? பத்து வண்டிக்கு நடுவுல வச்சா நம்ம வண்டியத் தேடணும்," என்றார் அவர். "தூரத்துலேர்ந்தே தெரியிற மாதிரி எடும்மா. அந்த மஞ்சள் நல்லாருக்கே." ஸ்கூல் பஸ் மஞ்சள் அது. இரண்டு மாதமாக யாரும் தொடவில்லை.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அவரே எடுத்துக்கச் சொல்றாரு, அப்புறம் என்ன யோசனை?" என்றேன் அவளிடம். "இங்க வர்ற ஆம்பளைங்க எல்லாரும் கறுப்பு எடு, அடக்கமா எடுன்னுதான் நிப்பாங்க. நீங்க குடுத்து வச்சவங்க." அவள் என்னைப் பார்த்தாள். மஞ்சள் வண்டியைப் பார்த்தாள். "சரிக்கா."

ரெத்தினம் அண்ணன் கூடையும் மணியும் மாட்டிக் கொடுத்தார். தெருமுனையில் அவள் திரும்பும் வரைக்கும் வண்டி பளிச்சென்று தெரிந்தது. கூச்சப்படுகிற ஒரு பெண்ணுக்கு நல்ல கலர் எடுத்துக் கொடுத்தோம் என்று எனக்குப் பெருமை.

என் வண்டி கறுப்பு. கல்யாணமான புதிதில் அவர் வாங்கிக் கொடுத்தது. கறுப்பும் நல்ல நிறம்தான். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

கரண்ட் இல்லை. கைப் பம்பில் காற்றடித்தே தோள் போயிற்று.

ஜூன் 17, சனி

பிரபாகர் வந்தார். தன்னுடைய பைக்கை வெளியே நிறுத்திவிட்டு, மனைவியின் வண்டிக்கு செயின் கவர் வேண்டும் என்று கேட்டார். எடுத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒரு போன். "ஆமாவா? எத்தனை மணிக்கு? சரிண்ணே, சரிண்ணே." வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, அந்தக் கலர் எடுத்தது எவ்ளோ நல்லதாப் போச்சு தெரியுமா? ஊர்ல எங்க நின்னாலும் எனக்குத் தகவல் வந்துடுது. கிளாஸுக்கு எதுத்தாப்புல டீக்கடை, அவரு நமக்கு வேண்டியவரு. நேத்து பேங்க் வாசல்ல ஏழு நிமிஷம் நின்னுருக்கா. எங்கிட்ட சொல்லவே இல்ல. நானாக் கேட்டதும் மொகம் போன போக்கப் பாக்கணுமே!"

நானும் சிரித்தேன்.

கவரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவர் போன பிறகு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 19, திங்கள்

இன்று எதிலும் மனம் ஒட்டவில்லை. துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தேன். ஒரு பெண் சிவப்பா நீலமா என்று கேட்டாள். "உங்களுக்கு எது பிடிக்குதோ அது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றார் பாய்.

பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் அந்த மஞ்சள் வண்டி கடையைத் தாண்டிப் போகிறது. தலையைக் குனிந்துகொண்டேதான் மிதிக்கிறாள். முதல் நாளே அப்படித்தானா, எனக்குத்தான் தெரியவில்லையா?

அவர் மூன்று தடவை போன் செய்தார். வழக்கம்போல.

ஜூன் 21, புதன்

தமயந்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின் சக்கரம் பஞ்சர். ரெத்தினம் அண்ணன் டியூபைத் தண்ணீரில் முக்கித் தேடிக்கொண்டிருந்தார். நான் அவளை உள்ளே ஸ்டூலில் உட்காரவைத்தேன். நாலு நாளாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான்தான் ஒன்ன மஞ்சள் எடுக்க வச்சுட்டேன். மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தெரியாது."

"யாருக்குமே தெரியாதுக்கா. எங்க அம்மாவே மாப்பிள்ளை தங்கம்னுதான் சொல்லிட்டிருக்கு." அழவில்லை. தன் பாட்டுக்குச் சொன்னாள். "சாம்பல் எடுத்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அது அவருக்கும் தெரிஞ்சிருக்கு."

பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. நர்சிங் படித்து முடித்திருக்கிறாள். சர்டிபிகேட் எல்லாம் இன்னும் திருவாரூரில் அவள் படித்த கல்லூரியிலேயே இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு போய் வாங்க அவர் விடவில்லை. உடன் படித்தவள் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அங்கே இடம் இருக்கிறதாம், சர்டிபிகேட்டோடு வந்தால் சேரலாம்.

"பஸ் ஸ்டாண்டுக்கு இந்த வண்டியில போனா அஞ்சாவது நிமிஷம் அவருக்குப் போன் போயிடும். நடந்து போனா பஸ்ஸப் புடிக்க முடியாது." வாசலில் நின்ற என் கறுப்பு வண்டியைப் பார்த்தாள். "என் வண்டி கிளாஸ் வாசல்லயே நிக்கட்டும்க்கா. டீக்கடைக்காரரு அதத்தான் பாக்குறாரு, என்னைப் பாக்குறதில்ல. ஒங்க வண்டியக் குடுப்பீங்களா? ஒரு மணிக்குள்ள வந்துருவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? பயம்தான்.

ஜூன் 23, வெள்ளி

கொடுத்துவிட்டேன்.

பாயிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். மறைத்துச் செய்ய மனம் வரவில்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "வண்டி ஒன்னோடது. ஒன் வண்டிய நீ யாருக்குக் குடுத்தா எனக்கென்னம்மா?" என்று மட்டும் சொன்னார். பின்பக்க வழி, குடோன் கதவு, திறந்திருந்தது. வழக்கமாக அதைப் பூட்டித்தான் வைத்திருப்போம்.

பத்து ஐந்துக்கு வகுப்பின் பின்புறமாக வந்தாள். துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு ஏறிப் போனாள். அதன் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். நாலு கடைக்கு அப்பால் வேப்பமரத்தடியில் மஞ்சள் வண்டி நின்றது. அதைப் பார்த்தபடியே டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பதினொன்றுக்கு வீட்டுக்காரரின் போன். "மூச்சு வாங்குது?" என்றார். வண்டி தூக்கி வைத்தேன் என்றேன்.

பன்னிரண்டே முக்கால். பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒரு மணி. ஒன்று ஐந்துக்கு வந்தாள், முகமெல்லாம் வேர்வை. "கிளார்க் லீவுக்கா. அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க." தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினாள். வகுப்பிலிருந்து கடைசியாகக் கிளம்பியது மஞ்சள் வண்டி.

ஜூன் 24, சனி

நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் கேட்டார்: "பன்னெண்டு மணிக்கு ஒன் வண்டி கடை வாசல்ல இல்லியாமே?"

பஞ்சர், உள்ளே பட்டறையில் இருந்தது என்றேன். பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. "ஓ" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார். அவருடைய ரைஸ் மில் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் கடை வாசல் தெரியாது.

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் என் நல்லதுக்குத்தான்

பாய் கூப்பிடுகிறார். பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 26, திங்கள்

சனிக்கிழமை பாதியில் விட்ட வரியை முடிக்க வேண்டும் என்று டைரியைத் திறந்தேன். முடிக்க வரவில்லை.

விற்றது: நீலம் ஒன்று.

ஜூன் 30, வெள்ளி

இரண்டாவது தடவை. இன்று என் வண்டியைக் காலையிலேயே ரெத்தினம் அண்ணன் உள்ளே தூக்கிப்போட்டு, "பஞ்சர் தங்கச்சி, சாயங்காலந்தான் கிடைக்கும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்துவிட்டாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு பிரவுன் கவரை எடுத்தாள். "கெடச்சிருச்சுக்கா!" இத்தனை நாளில் அவள் பல் தெரிந்தது இன்றைக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, நீங்கள் வைத்திருங்கள் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சைக்கிள் மணிகள் வைக்கிற மரப்பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.

மதியம் கம்பெனிக்காரர் வந்தார். கிழித்து வைத்திருந்த இரண்டு தாளைக் கொடுத்தேன். மற்ற எல்லாக் கலரையும் பற்றி எழுதியிருந்தேன், மஞ்சளைத் தவிர. "சூப்பரா எழுதியிருக்கீங்க மேடம்" என்றார். டைரியைத் திருப்பிக் கேட்கவில்லை. இன்னும் பாதிக்கு மேல் பக்கம் இருக்கிறது.

ஜூலை 3, திங்கள்

கவரைப் பிரித்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எல்லாப் பாடத்திலும் எண்பதுக்கு மேல். ஒரு சின்னப் புகைப்படம், இரட்டைப் பின்னல், நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு. இப்போது இந்தத் தெருவில் போகிறவள் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை.

நான் பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் நிறுத்தினேன். கல்யாணத்துக்குப் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று யோசித்தேன். சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் மறுக்கவும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று வந்தது. பதினாறு வருஷம்.

வேலை இருக்கிறது.

ஜூலை 5, புதன்

நாளைக்கு. தமயந்தி சொல்லிவிட்டாள். வகுப்பு முடிந்து போகும்போது காற்றடிக்கிற சாக்கில் இறங்கினாள். "நாளைக்குப் போனாத் திரும்பி வரமாட்டேன்க்கா. வண்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டுல ஒங்க பேர்லயே இருக்கும்."

"அம்மாகிட்ட?"

"போய்ச் சேந்துட்டுச் சொல்லுவேன்."

காலை எப்படி வைத்தாலும் ஆடிக்கொண்டே இருக்கிறது. ரெத்தினம் அண்ணன் கேட்டார், "ஏன் தங்கச்சி, தையல் மெஷின் மிதிக்கிறியா?"

ஜூலை 6, வியாழன்

10.20. போய்விட்டாள். கவரை வயிற்றோடு வைத்துப் பின் குத்திக்கொண்டாள். கையில் வேறு ஒன்றும் இல்லை. கல்யாணச் செயினைக் கழற்றவில்லை. என் கையைப் பிடித்தாள்.

11.00. அவர் போன். சாப்பிட்டேன் என்றேன்.

12.30. மஞ்சள் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. இதற்குள் தஞ்சாவூர் தாண்டியிருக்கும்.

3.00. பாய் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றரைக்குப் பிரபாகர் வந்தார். வகுப்பு பூட்டிவிட்டார்கள், வண்டி மட்டும் நிற்கிறது, டீக்கடைக்காரரைக் கேட்டால் காலையிலிருந்து வண்டி அசையவே இல்லை என்கிறார். "அக்கா, தமயந்தி இங்க வந்தாளா?"

"வகுப்புலதானே இருக்கும்."

"பத்தேகாலுக்கே தலைவலின்னு கிளம்பிட்டாளாம்." அவர் கண் கடையைச் சுற்றி வந்தது. வாசலில் என் வண்டி எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றது. அப்போதும் சிரித்த முகம்தான். "ஒங்க வண்டி எங்கக்கா?"

பஞ்சர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "என் வண்டி எங்க இருந்தா ஒங்களுக்கு என்ன?"

அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஒரு அடி முன்னால் வந்தார். ரெத்தினம் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே எழுந்து நின்றார். பாய் கல்லாவை விட்டு வெளியே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். "தம்பி, ஒங்க வீட்டுப் பொண்ணக் காணோம்னா ஸ்டேஷனுக்குப் போங்க. என் கடையில நின்னு பொம்பளகிட்ட கை நீட்டிப் பேசாதீங்க."

"போறேன் பாய்," என்றார் அவர். என்னைப் பார்த்து, "ஒங்க வீட்டுக்காரரு தியாகராஜன்தானே? ரைஸ் மில்லு. நல்லாத் தெரியும். எங்க கடைக்கு வந்தா ஒங்களப் பத்திதான் பேசுவாரு, இத்தனை மணிக்கு இங்க இருப்பா, இத்தனை மணிக்கு அங்க இருப்பான்னு. அவருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

இரண்டு பேருக்கும் பழக்கம் உண்டு என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஒன்றரைக்கு வருகிற போன் இன்று வரவில்லை. மூன்று மணி வரை வரவில்லை.

ஜூலை 10, திங்கள்

மூன்று நாள் கழித்துக் கடைக்கு வந்திருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வியாழன் சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போனேன். அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை, தமயந்தியைப் பற்றியும் கேட்கவில்லை. சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். அவர் கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

வெள்ளி காலை ஸ்டேஷனிலிருந்து வரச் சொன்னார்கள். அவரும் வந்தார். எஸ்.ஐ. ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். பிரபாகர் ஒரு பக்கம், தமயந்தியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கம்.

"அந்தப் பொண்ணுக்கு வண்டி குடுத்தது நீங்களா?"

நான் பேசுவதற்கு முன் எங்கள் வீட்டுக்காரர் பேசினார். "இல்லிங்க மேடம். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. யாரோ கேட்டாக் குடுத்துருப்பா. வெவரம் பத்தாது."

வெவரம் பத்தாது. பதினாறு வருஷத்தில் எத்தனை இடத்தில் எனக்காக இப்படிச் சொல்லியிருக்கிறார், பேங்கில், டாக்டரிடம், என் அண்ணனிடம். நான் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டியிருக்கிறேன்.

"நான்தான் மேடம் குடுத்தேன். தெரிஞ்சுதான் குடுத்தேன்," என்றேன். "மூணு தடவை குடுத்தேன். அது சொந்த இஷ்டத்துலதான் போயிருக்கு, வேலையில சேர."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை. கோபம் என்று சொல்ல முடியாது. என்னை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி.

எஸ்.ஐ. கோயம்புத்தூர்த் தோழியின் எண்ணைக் கேட்டு வாங்கிப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தமயந்தியின் குரல் நிற்காமல் வந்தது. "நானாத்தான் மேடம் வந்தேன். யாரும் கூட்டிட்டு வரல. என்னைத் தேட வேணாம். அம்மா இருக்கா? அம்மா, அழாத. நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்." அம்மாவின் கை வாயிலிருந்து இறங்கியது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி" என்றார். "சொன்னா அனுப்பியிருப்பியாம்மா?"

"மேஜர், விருப்பப்பட்டுப் போயிருக்காங்க. இதுல நான் செய்ய ஒண்ணும் இல்ல சார்," என்றார் எஸ்.ஐ. பிரபாகர் எழுந்து, யாரையும் பார்க்காமல் போனார். மஞ்சள் வண்டியை அன்று மதியமே சிமென்ட் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ரெத்தினம் அண்ணன் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நாளையிலேர்ந்து கடைக்குப் போவ வேணாம்." சனிக்கிழமை போகவில்லை. பாயிடம் போன் செய்து தலைவலி என்றேன். ஞாயிறு முழுக்கக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பரணில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கி விளக்கினேன், திரும்ப ஏற்றினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை சோறு வடித்து அவருக்கு டப்பா கட்டி வைத்துவிட்டு, செருப்பை மாட்டினேன்.

"எங்க?"

"கடைக்கு."

வாசலை மறித்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அது அதைவிடப் பயமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு போய் என் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். சீட்டு மேலெல்லாம் தூசி.

பாய் என்னைப் பார்த்ததும் புதிதாக வந்த பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்.

ஜூலை 12, புதன்

பதினொன்றுக்குப் போன் அடித்தது. ஒரு பெண்ணுக்கு சீட் உயரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. "எடுங்கக்கா, அவசரமா இருக்கப்போவுது" என்றாள் அந்தப் பெண். "அவசரம் இல்லம்மா," என்றேன். அவள் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் அரைமணி நேரம் நின்றாள். கூட யாரும் வரவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிவப்பு எடுத்தாள், பிறகு வாசல் வரை போய்த் திரும்பி வந்து பச்சையை எடுத்தாள்.

சாயங்காலம் வீட்டில்தான் என்ன நடக்குமோ.

ஜூலை 13, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை. "போன் எடுக்கலியே" என்றார். "வேலையா இருந்தேன்" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஊருக்குள்ள என்னென்னமோ பேசுறானுவ" என்றார். அவருக்கும் பயம் இருக்கும் என்பது இதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

பரிதாபமாக இருந்தது. ஆனாலும் சமாதானமாக எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 14, வெள்ளி

தமயந்தி பேசினாள். வார்டில் போட்டிருக்கிறார்களாம், பிரசவப் பிரிவு. நேற்று ஒரே நாளில் ஐந்து குழந்தை. "கால் வலி உயிர் போவுதுக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். பின்னால் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பிரபாகர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாராம், திரும்பி வந்து சேர வேண்டும் என்று. "வரட்டும், பாத்துக்குவோம்" என்றாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியேக்கா?"

இல்லை என்றேன். ஆகிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 16, ஞாயிறு

கடை லீவு. காலை பத்து மணி இருக்கும். துணி காயப்போட்டுவிட்டு நின்றேன். வேலை ஒன்றும் இல்லை. வண்டியை எடுத்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

எங்கே போகிறேன் என்று எனக்கும் தெரியாது. தெருமுனை, பாலம், பெட்ரோல் பங்க், அதற்கப்புறம் வயல். நடவு ஆரம்பிக்கவில்லை, உழுது தண்ணீர் கட்டியிருந்தார்கள். எதிர்க்காற்று. மிதிக்க மிதிக்கத் தொடை எரிந்தது. ஆறேழு கிலோமீட்டர் போயிருப்பேன். ஒரு வாய்க்கால் மதகில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். நாற்றங்காலில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், "யாரு வூட்டுக்கு வந்த?" என்று கேட்டார்கள். "யாரு வூட்டுக்கும் இல்ல," என்றேன். ஒருத்தி கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். கூடையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு தடவை வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.

திரும்பும்போது மணி ஒன்றரை. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், செருப்புக்கூட இல்லாமல், சுடுமணலில்.

"எங்க போயிருந்த?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மாதான். அந்தப் பக்கம் வயக்காட்டு வரைக்கும்."

மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தார். எனக்குச் சொல்ல அதற்கு மேல் எதுவும் இல்லை. காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து, சோறு போட்டேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் என் பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். நேற்று வரை இது கடையை விட்டு வெளியே வந்ததில்லை. இப்போது கூடத்தில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் எதிர் நாற்காலியில் இருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார்.

"எழுதி முடிச்சுட்டுச் சொல்றேன்," என்றேன்.